போர்டில் தெரியாத கார்டு

ஒரு மிஷின் வேலை செய்கிறதா இல்லையா என்பதை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் மிஷினைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அதற்கென்று ஒரு குழு இருந்தது. இணைப்பு ஒப்புதல் குழு என்று பெயர். குழுவின் அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு போர்டு. ஆஸ்பத்திரியிலுள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதில் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் மிஷின் உண்டு, சிவப்பு எரிந்தால் இல்லை. நடுவில் மஞ்சள் ஒன்று வைக்கலாமே என்று எப்போதோ ஒருவர் கேட்டாராம். அவரைப் பிணவறைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

குழுத் தலைவரை எல்லோரும் பச்சை சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதால் அப்புறம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

அன்று காலை அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தவனுக்கு ரீபூட்டு என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் அல்ல. எந்த கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் "ஒரு தடவை அணைச்சுப் போடுங்களேன்" என்று சொல்லியே பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்ததால் ஆஸ்பத்திரி வைத்த பெயர். சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அவனுடைய சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. கூப்பிடுவது யாரென்று எடுக்காமலே தெரியும். இரண்டு மாடி மேலே, ஆபரேஷன் தியேட்டர் வாசலில், பச்சை அங்கியும் தலைக்கு ஒரு துணித் தொப்பியுமாக அவனுடைய அக்கா படுத்திருந்தாள்.

அக்காவுக்கு வயிற்றுக்குள் ஒரு கட்டி. பெரிய ரத்தக்குழாயை ஒட்டி வளர்ந்திருந்தது. ஸ்கேன் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கத்தி வைக்க வேண்டும், குழாயைத் தொட்டுவிட்டால் அப்புறம் யார் கையிலும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தள்ளிப்போடவும் முடியாது. கட்டி சும்மா இருக்கிற ரகமில்லை.

அந்தப் படங்கள் எங்கே இருந்தன என்றால், கீழ்த்தளத்தில் பீரோ அளவுக்கு நிற்கும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில். மாடியிலுள்ள லினக்ஸ் சர்வர் நெட்வொர்க் வயர் வழியாக அந்தப் பெட்டியைத் தன் சொந்த டிஸ்க் மாதிரி பிடித்துவைத்துக்கொண்டு, டாக்டர்கள் கேட்கிற படத்தை எடுத்துக் கொடுக்கும். இதுநாள்வரை வயரில் வந்த ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் பிரித்து அடுக்கும் வேலையைச் சர்வரின் பிராசசரே செய்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு படம் திறப்பதற்குள் டாக்டர் போய் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். அதற்குத்தான் ரீபூட்டு சர்வரில் மாட்டியிருந்த இந்தப் புதுக் கார்டு. பொட்டலம் பிரிக்கிற வேலையை முழுக்கத் தன் தலையில் போட்டுக்கொள்ளும். ஸ்டோரேஜோடு பேசுவதற்குத் தனக்கென்று ஒரு முகவரியும் வைத்துக்கொள்ளும். அந்த முகவரி கார்டுக்குள்ளேயேதான் இருக்கும், லினக்ஸின் வழக்கமான முகவரிப் பட்டியலில் தலைகாட்டாது. அதன் சுபாவம் அப்படி.

போர்டோ அந்தப் பட்டியலை மட்டும்தான் படிக்கும். பட்டியலில் இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு என்றால் தியேட்டர் திரைகள் அந்தச் சர்வரிடமிருந்து எதையும் வாங்காது, தானாகப் பூட்டிக்கொள்ளும். இந்தப் பூட்டு குழுவின் சொந்தக் கண்டுபிடிப்பு. இதற்காக அவர்கள் கேடயமெல்லாம் வாங்கியிருந்தார்கள்.

பழைய இணைப்புக்கே திரும்பிப் போகலாமே என்றால், அதன் ஒப்புதல் அன்று காலையோடு காலாவதி. பொழுது விடிந்ததும் கூடியிருக்க வேண்டிய குழு, தலைவர் நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது என்று வேறு நாற்காலி தேடி முடித்து அப்போதுதான் கூடியிருந்தது.

"முகவரி எங்க?" என்றார் பச்சை சார்.

"கார்டுக்குள்ள இருக்கு சார்."

"பட்டியல்ல?"

"பட்டியல்ல வராது சார். இந்த மாதிரி கார்டே அப்படித்தான். ஆனா டிஸ்க் வந்துடுச்சு பாருங்க, படமெல்லாம் திறக்குது." ரீபூட்டு லேப்டாப்பைத் திருப்பினான். யாரோ ஒருவருடைய முழங்கால் பளிச்சென்று திரையில் வந்து நின்றது.

குழுவில் மூன்று பேர். மூன்று பேரும் ஒரே சமயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"டிஸ்கையெல்லாம் எங்களுக்குக் காட்டாதீங்க," என்றார் பச்சை சார், ஜன்னலைப் பார்த்தபடி. "டிஸ்குக்குத் தனியா கீழ்க்குழு இருக்கு. அடுத்தவங்க அதிகாரத்துல நாங்க கண்ணு வைக்கிறதில்ல. படம் தெரியுதா தெரியலையாங்கறது எங்க விஷயமே இல்ல."

"தரமான பதில்," என்றார் தர அதிகாரி. அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் அந்த ஒரு சொல்லாவது அதில் இருக்கும்.

மூன்றாவது ஆள் பாதுகாப்பு மேடம். ஆஸ்பத்திரியிலுள்ள எல்லா கம்ப்யூட்டரிலும் பென்டிரைவ் செருகும் துளைகளைப் பசை ஊற்றி அடைத்தவர் அவர்தான். படத்தைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு தியேட்டருக்கு ஓடலாம் என்ற வழி அப்படித்தான் ஒழிந்தது.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் மேடம். "இந்தக் கார்டு வேலை செய்யுதுங்கறீங்க. பிராசசருக்குச் சொல்றதில்ல, பட்டியல்ல கையெழுத்துப் போடறதில்ல, போர்டுல முகம் காட்டறதில்ல. ஆனா வேலை மட்டும் செய்யுது. எதுக்கு? அதுக்கு என்ன உள்நோக்கம்?"

"உள்நோக்கமெல்லாம் இல்ல மேடம். அதை அதுக்குத்தான் வாங்கினோம்."

"நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து," என்று பச்சை சார் தொண்டையைச் செருமினார். அறை அடங்கியது. அவர் செருமினால் சொற்பொழிவு என்று அர்த்தம். "யார் கண்ணுலயும் படாம நான் ஒரு வேலை செஞ்சேன்னு ஒருத்தர் சொல்லட்டும் பார்ப்போம். செஞ்சா தெரியணும். தெரியாதுன்னா எதுக்குச் செய்யணும்? சில சமயம் செய்யாமலேகூடத் தெரியவெச்சிருக்கேன். அது சாதாரண விஷயமில்ல. அதுல வளர்ந்ததுதான் இந்த ஸ்தாபனம். இங்க வந்து ஒரு கார்டு, சத்தமில்லாம, பேர் வாங்காம உழைக்கும்னு சொன்னா, கேக்கறவங்க எங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

தர அதிகாரி மேஜையைத் தட்டினார்.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை ரீபூட்டு எடுத்துவிட்டான்.

"எங்கடா தொலைஞ்ச?" அக்காவின் குரல் வறண்டு கிடந்தது. "நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. தண்ணி கேட்டா குடுக்கக் கூடாதாம். படம் வரலைன்னு டாக்டர் வராந்தாவுல குறுக்கும் நெடுக்கும் நடக்குறாரு. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு என்னைத் திருப்பி வார்டுக்கே அனுப்பிடுவாராம். உன் டிபார்ட்மென்ட்தானாமே?"

"இதோ வந்துடும்க்கா."

"இதோ இதோன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்ற." பிறகு, "பயமா இருக்குடா," என்றாள்.

அம்மா போனதற்கு அப்புறம் அவனை உரிமையோடு திட்டுவதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை.

"சார்," என்றான். "மேல படுத்திருக்கறது எங்க அக்கா. தயவுசெஞ்சு ஒப்புதல் குடுத்துடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

சொல்லியிருக்கக் கூடாது. மேடம் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்திலேயே அது தெரிந்துவிட்டது.

"உங்க அக்காவா? இதை ஏன் முதல்லயே சொல்லல? இது சொந்த நலன் ஆச்சே! நோயாளிக்கு வேண்டியவர் இணைப்பைப் பத்திப் பேசினா நடுநிலைமை என்ன ஆகறது? நோயாளி பொழைக்கணும்னு விருப்பம் இருக்கறவங்க இந்த அறையில உக்காரவே கூடாது."

"அப்ப யார் மேடம் உக்காரணும்?"

"நாங்க இருக்கோமே," என்றார் மேடம்.

உடனே அவனுடைய அடையாள அட்டையை நிறுத்தச் சொல்லிப் போனில் உத்தரவு போட்டார். அதோடு சர்வர் அறைக் கதவு அவனுக்குத் திறக்காது. ஆனால் கீபோர்டில் தட்டத் தெரிந்தவன் அந்த அறையில் அவன் ஒருத்தன்தான். குழு தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்தது. கடைசியில் பச்சை சார் தீர்ப்பு சொன்னார்.

"உங்க கை மட்டும் இங்க இருக்கலாம். கருத்து வெளிய போயிடணும்."

ரீபூட்டு வாயைத் திறந்தான். மேடம் விரலை உயர்த்தினார். மூடிக்கொண்டான்.

"நான் ஒரு வழி சொல்றேன்," என்றார் பச்சை சார். "அந்த மிஷின்ல ஏற்கனவே ஒரு சாதாரண நெட்வொர்க் கார்டு இருக்கில்ல? அது பட்டியல்ல வர்ற நல்ல கார்டுதானே? புதுக் கார்டோட முகவரியை அதுக்கும் குடுத்துடுங்க. பட்டியல்ல வந்துடும், போர்டு படிச்சிடும், முடிஞ்சுது கதை."

"சார், ஒரே கதவு நம்பரை ரெண்டு வீட்டுக்குப் போட்ட மாதிரி ஆயிடும். ஸ்டோரேஜ் யாருக்குப் பதில் சொல்றதுன்னு தெரியாம..."

"கருத்து," என்றார் மேடம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரீபூட்டுக்கு விஷயம் தெரியும். ஒரே முகவரி இரண்டு கார்டில் இருந்தால் கொஞ்ச நேரம் ஓடும், ஸ்டோரேஜ் பழைய ஞாபகத்தில் சரியான கார்டுக்கே பதில் அனுப்பிக்கொண்டிருக்கும், பிறகு ஒரு கட்டத்தில் ஆள் மாறி அனுப்பும், அப்போது டிஸ்க் கையைவிட்டுப் போகும். எவ்வளவு நேரம் என்றுதான் அவனுக்குத் தெரியாது. அதற்குள் ஆபரேஷன் முடிந்துவிடாதா? அக்காவை வார்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டால்? பச்சை வந்தால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் நினைப்பதைத்தான் அவனும் நினைத்தான். கை தட்டியது. கருத்து வெளியே நின்றது.

போர்டு ஒரு சுற்றுச் சுற்றிவந்தது. சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது.

மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தர அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சை சார் போர்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றார். மேலே திரைகள் பூட்டுத் திறந்தன, படங்கள் வந்தன, டாக்டர் கை கழுவப் போனார் என்று நர்ஸ் போனில் சொன்னாள். ரீபூட்டு மாடிக்கு ஓடினான். தியேட்டர் கதவு மூடுவதற்குள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டான். அவள் கையை லேசாகத் தூக்கி, போடா போய் வேலையைப் பாரு என்பது போல அசைத்தாள்.

அவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். எழுந்தான். உட்கார்ந்தான். கொஞ்சம் தாங்கிக்கோ, கொஞ்சம் தாங்கிக்கோ என்று ஒரு நெட்வொர்க் வயரிடம் வேண்டிக்கொண்ட முதல் மனிதன் அவனாகத்தான் இருக்கும்.

போன் வந்தது. நர்ஸ். தியேட்டருக்கு உள்ளேயிருந்து.

"படம் போயிடுச்சு! திரையெல்லாம் கறுப்பு! டாக்டர் உள்ள கைய வெச்சிட்டு அப்படியே நிக்கிறாரு, அசைய மாட்டேங்கிறாரு. என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

அவன் படி இறங்கவில்லை, உருண்டான் என்றே சொல்லலாம். பச்சை வந்த கையோடு லேப்டாப் வழியையும் மேடம் அடைத்துவிட்டிருந்தார், இனி சர்வர் முன்னால் நின்று தட்டினால்தான் உண்டு. சர்வர் அறை வாசலில் அட்டையைக் காட்டினான். கதவு சிவப்பாகச் சிணுங்கியது. மறுபடி காட்டினான். மறுபடி சிணுங்கியது. கதவை உதைத்தான், கால்தான் வலித்தது. திரும்பி ஓடிக் குழு அறைக்குள் நுழைந்தான்.

அங்கே போட்டோ நடந்துகொண்டிருந்தது.

"கதவைத் திறங்க! ஸ்டோரேஜ் போயிடுச்சு! அக்காவ உள்ள திறந்து வெச்சிருக்காங்க!"

"எப்படிப் போகும்?" பச்சை சார் தலையைத் திருப்பாமல், சிரித்த முகம் கலையாமல், கட்டைவிரலால் பின்னாலிருந்த போர்டைக் காட்டினார். "பச்சை எரியுதே."

எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

"மேல படம் இல்ல சார்! டாக்டர் குருடர் மாதிரி நிக்கிறாரு!"

"அப்ப அது கண் பிரிவு," என்றார் மேடம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோல விழறீங்க."

ரீபூட்டுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கையில் முதலில் கிடைத்தது தர அதிகாரியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். அட்டையோடு அதிகாரியும் வந்தார்.

"தரமா இல்ல! இது தரமா இல்ல!" என்று அவர் வழியெல்லாம் அலறினார். அட்டை பட்டதும் கதவு திறந்தது. "செருப்பு உறை! உறை போடாம உள்ள போகக் கூடாது!" என்று அவர் வாசலில் குனிந்தபோது ரீபூட்டு சர்வர் முன்னால் இருந்தான்.

சாதாரண கார்டிலிருந்து அந்த முகவரியை நீக்கக் கட்டளை அடித்தான். விரல் வழுக்கியது, தப்பாக அடித்தான், திரும்ப அடித்தான். ஸ்டோரேஜோடு இணைப்பைப் புதிதாகப் போட்டான். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு டிஸ்குகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. உயிர் போய் உயிர் வந்தது. வந்த உயிர் மறுபடி போகப் பார்த்தது, ஏனென்றால் அப்போதுதான் போர்டு ஞாபகம் வந்தது. அடுத்த சுற்றில் அது பட்டியலைப் படிக்கும். முகவரி இருக்காது. சிவப்பு. தியேட்டர் பூட்டிக்கொள்ளும். படம் இருந்தால் பச்சை இல்லை, பச்சை இருந்தால் படம் இல்லை.

லினக்ஸில் டம்மி என்றே ஒன்று உண்டு. பெயரே அதுதான். அதற்கு வயர் கிடையாது, கார்டு கிடையாது, எதையும் அனுப்பாது, எதையும் வாங்காது. பட்டியலில் ஒரு வரியாக நிற்கும். அப்படி ஒன்றை உண்டாக்கினான். வயரில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே என்று அதன் வாயைக் கட்டினான். புதுக் கார்டின் முகவரியை அதன் தலையில் எழுதினான்.

"இது என்ன பண்ணும்?" என்றார் பின்னால் வந்து நின்ற தர அதிகாரி. இரண்டு காலிலும் உறை போட்டிருந்தார்.

"ஒண்ணும் பண்ணாது சார். பட்டியல்ல இருக்கும்."

தர அதிகாரி அந்த வரியை மரியாதையோடு பார்த்தார். "தரம்," என்றார் மெதுவாக.

போன் வந்தது. "வந்துடுச்சு," என்றாள் நர்ஸ். "டாக்டர் மறுபடி ஆரம்பிச்சுட்டாரு. நல்லவேளை." ரீபூட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, பார்க்கிறார்களே என்ற வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதான்.

மறுநாள் வார்டில் அக்கா கண் விழித்ததும் அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். கார்டு, போர்டு, பச்சை, தான் தட்டியது, எதையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

அப்போது பச்சை சார் ஆரஞ்சுப் பழப் பையோடு உள்ளே வந்தார். அக்கா தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, ரீபூட்டை ஜன்னல் பக்கம் அழைத்தார்.

"ரொம்பப் பெருமையா இருக்குய்யா. நேத்து விஷயத்தைக் குழு அலசிப் பார்த்துச்சு. அந்த மிஷின்ல ரெண்டு சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு, டம்மி. பட்டியல்ல இருக்கு, பச்சை காட்டுது, அது மேல இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது. இன்னொண்ணு அந்தப் புதுக் கார்டு. யாரும் பார்த்ததே இல்ல, பிரச்சினை மொத்தமும் அதால. அதனால எல்லா சர்வர்லயும் டம்மி போடணும்னும், கார்டைக் கழட்டிடணும்னும் ஏகமனதா முடிவு."

"சார், கார்டைக் கழட்டினா டம்மி மட்டும்தான் இருக்கும். படம் வராது."

"தெரியும்யா. எனக்குத் தெரியாதா?" அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அதான் உன்கிட்ட ஒரு விஷயம். அடுத்த வாரம் எனக்கு அதே தியேட்டர். பித்தப்பையில கல்லு. அது முடியற வரைக்கும் கார்டு இருக்கட்டும். அப்புறமா கழட்டிக்கலாம்."

"போர்டு சிவப்பாச்சுன்னா?"

"போர்டு எந்தக் கலர்ல எரிஞ்சா என்னய்யா! பூட்டைக் கழட்டிவிட்டுடு. உள்ள கத்தி வைக்கும்போது டாக்டருக்குப் படம் தெரியணுமா இல்லையா?"

"சரி சார்," என்றான் ரீபூட்டு. அந்த வார்த்தை அவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். நினைப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"அப்ப எனக்கு?"

இருவரும் திரும்பினார்கள். அக்கா கண்ணைத் திறந்திருந்தாள். குரலில் பலமில்லை, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"உங்க வயித்துக்குப் படம் வேணும். என் வயித்துக்குப் பச்சை போதும்னு யார் முடிவு பண்ணது?"

பச்சை சார் தொண்டையைச் செருமினார். சொற்பொழிவு வரவில்லை. தட்டியது இவன்தானே என்பது போல ரீபூட்டைப் பார்த்தார். தட்டச் சொன்னது இவர்தானே என்று ரீபூட்டு அவரைப் பார்த்தான்.

"அந்தக் கார்டு எல்லாருக்கும் இருக்கணும், கழட்டக் கூடாது," என்றாள் அக்கா. "இவருக்கும்தான், எனக்கு அடுத்த கட்டில்ல படுத்திருக்கிறவங்களுக்கும்தான். கழட்டினேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் அக்கான்னு என் முன்னால வந்து நிக்காதே. இப்ப வெளிய போங்க."

பச்சை சார் பழப் பையை வைத்துவிட்டு, சத்தம் கேட்காமல் போய்விட்டார். ரீபூட்டு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"நீயும்தான்டா," என்றாள் அக்கா.